விதையுறை: எதைக் கீறலாம், எதைத் தொடவே கூடாது

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வீட்டில் செடி வளர்ப்பவர் கைக்கு இரண்டு வகை விதைகள் கலந்தே வந்து சேர்கின்றன. புளி, சரக்கொன்றை, சங்குப்பூ, பூங்காவில் பொறுக்கிய சாகா (ஆனைக்குன்றிமணி) விதை ஆகியவை ஒரு வகை. ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான், பாலிக் புலாவிலிருந்து வந்த ஜாதிக்காய் ஆகியவை இன்னொரு வகை. முதல் வகையின் உறை தண்ணீரை உள்ளே விடாது. வெயிலில் காய்ந்தாலும், ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தாலும் உள்ளிருக்கும் கருவைக் காத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வகை மழைக்காட்டில் உருவானது. விழுந்த இடத்தில் உடனே முளைப்பதுதான் அதன் வழி. ஈரம் குறைந்தால் சில நாளிலேயே உயிர் போய்விடும்.

“விதையை நன்றாகக் காயவைத்து, கீறி, வெந்நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள்” என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை முதல் வகையை முளைக்க வைக்கும், இரண்டாம் வகையைக் கொன்றுவிடும். அதனால் நகவெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த விதையின் உறை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு விதையைப் பிரித்துப் பாருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ மளிகைக் கடையில் கிடைக்கும் ராஜ்மா போதும். பத்து விதைகளை எடுத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய விதையைத் துடைத்துவிட்டு உட்குழிந்த பக்கத்தைப் பாருங்கள். நீள்வட்டமாக வெளிறித் தெரிவது விதைத்தழும்பு. விதை காயோடு ஒட்டியிருந்த காம்பு அறுந்த இடம் அது. தழும்பின் ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது சூல்துளை. விதையை இரு விரலால் மெல்ல அழுத்தினால் அந்தத் துளை வழியே ஒரு துளி நீர் கசியும். தழும்பின் மறுமுனையில் சிறு மேடு ஒன்று தெரியும். அதை லென்ஸ் என்பார்கள். பின்னால் வெந்நீர் முறைக்கு வரும்போது இந்த மேடுதான் முக்கியம்.

இனி தோலை உரியுங்கள். உள்ளே இரண்டு வித்திலைகளும் அவற்றின் இடையே முளைவேரும் இருக்கும். முளைவேரின் முனை சூல்துளையை நோக்கியே இருப்பதைக் கவனியுங்கள். விதையைக் கீறும்போது தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் கீற வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

உரித்த தோல் தாய்ச் செடியின் திசு. பூவில் சூலைச் சுற்றியிருந்த சூலுறைகளே விதையுறையாக மாறுகின்றன. இரண்டு சூலுறைகள் இருந்தால் வெளிப்புறத்திலிருந்து டெஸ்டாவும் உட்புறத்திலிருந்து டெக்மெனும் உருவாகும். கருவுக்குத் தந்தையும் உண்டு, உறைக்குத் தாய் மட்டுமே. இரண்டு ரகப் பயற்றங்காயைக் கலப்பினம் செய்பவர்கள், விதைத் தோலின் நிறம் மாறவில்லை என்று அந்த விதையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கலப்பின் விளைவு அந்த விதையிலிருந்து வளரும் செடி காய்க்கும்போதுதான் தோலில் தெரியும்.

அவரைக் குடும்ப விதையின் உறையை நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். மேலே மெழுகுத்தன்மையுள்ள கியூட்டிக்கிள். அதன் கீழே மாக்ரோஸ்கிளீரைடுகள், அதாவது வேலிக்கம்பு போல நெருக்கி நிற்கும் நீண்ட தடித்த உயிரணுக்கள். இத்தாலிய உயிரியலாளர் மால்பீஜியின் பெயராலும் இவற்றைக் குறிப்பிடுவார்கள். அதற்கும் கீழே, நடுவில் ஒடுங்கிய ஆஸ்டியோஸ்கிளீரைடுகளும், கடைசியில் பாரங்கைமா என்னும் மெல்லிய மென்திசுவும் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது பெரும்பாலும் அந்த வேலிக்கம்பு அடுக்குதான். கீறல் அதைத் தாண்டிப் போனால்தான் பலன் உண்டு. மேலே பளபளப்பு மட்டும் போயிருந்தால் விதை ஊறாது.

எது விதையுறை, எது பழத்தின் ஓடு

இதில் பலர் குழம்புகிறார்கள். மாங்கொட்டையின் நார் நிறைந்த கெட்டி ஓடு விதையுறை அல்ல, பழத்தின் உட்சுவர். அதைக் கத்தரியால் ஓரமாக வெட்டிப் பிரித்தால் உள்ளே பழுப்பு நிறக் காகிதம் போல் ஒட்டியிருப்பதுதான் விதையுறை. ஓட்டை நீக்கி ஊன்றினால் மா விரைவாக முளைக்கும், உள்ளே வண்டு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தேங்காய்ச் சிரட்டையும் பழத்தின் பகுதியே. வெள்ளைத் தேங்காயின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல்தான் அதன் விதையுறை. நெல்லின் உமி பூவின் செதில். கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்வது முழுப் பழம், அதற்குள் இரண்டு பாதிகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிரித்து ஊன்றினால் போதும். பண்டுங் பானத்தில் மிதக்கும் சப்ஜா விதையின் வழவழப்பு பழச்சுவரிலிருந்து வருகிறது. இசப்கோலின் வழவழப்போ உண்மையான விதையுறையிலிருந்து வருகிறது. பருத்தி இழையும் விதையுறையின் மேல்தோல் உயிரணு நீண்டு உருவானது. ஆனால் இங்கே கெக்காபு என்று அழைக்கும் இலவம்பஞ்சு காயின் சுவரில் வளர்வது.

சீனாவில் வற்றிப்போன ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டுகள் கழித்து முளைத்தது. அங்கும் காவலாக இருந்தது பழச்சுவர்தான். ஆனாலும் செய்முறை மாறாது. நீரைத் தடுப்பது எந்த அடுக்காக இருந்தாலும் அதைத் திறந்தாக வேண்டும்.

உறைதான் தடையா? ஒரு நாள் சோதனை

தெரியாத விதை கைக்கு வந்தால் இதைச் செய்யாமல் எதையும் ஊன்ற வேண்டாம். இருபது விதைகள் எடுங்கள். பத்தைக் கீறுங்கள், பத்தை அப்படியே விடுங்கள். இரண்டு தொகுதியையும் தனித்தனியே எடை போடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு தேவை. சாகா விதை நான்கு சேர்ந்தால் சுமார் ஒரு கிராம் என்பதால் பத்து விதையை இந்தத் தராசே தாங்கும். பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி, மறுபடி எடை போடுங்கள்.

கீறியது எடை ஏறி, கீறாதது அப்படியே இருந்தால் உறை தண்ணீரைத் தடுக்கிறது என்று பொருள். அந்த விதைக்குக் கீறலோ வெந்நீரோ வேண்டும். நன்றாக ஊறிய அவரையினம் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை காட்டும். இரண்டு தொகுதியும் ஒரே அளவு ஏறினால் உறையில் தடை இல்லை, கீறுவதால் கெடுதல்தான் வரும். ஊறி உப்பியும் முளைக்காமல் கிடந்தால் கருவில் அல்லது உறையிலுள்ள வேதிப்பொருளில் காரணத்தைத் தேட வேண்டும். ஊறியதும் கொழகொழத்து நாற்றம் எடுத்தால் விதை முன்பே இறந்துவிட்டது.

பச்சைப்பயறு முளைகட்டும்போது மற்றவை எல்லாம் உப்பியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் கல்லாகவே கிடக்கும். இந்தத் தடையை வீட்டிலேயே காண அதைவிட எளிய வழி இல்லை. அவற்றை எறியாமல் ஒரு கீறல் போட்டு மறுபடி ஊறவைத்துப் பாருங்கள்.

கீறுவது

நகவெட்டியும் 120-ஆம் எண் உப்புத்தாளும் போதும். தழும்பு இருக்கும் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கிள்ளுங்கள். உறையின் நிறம் மாறி, உள்ளே வெளிறிய வித்திலை புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் வித்திலை புண்ணாகி, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். சாகா, சரக்கொன்றை போன்றவை வழுக்கும், நகவெட்டி துள்ளி விரலைக் கடிக்கும். அவற்றை இடுக்கியில் பிடித்து உப்புத்தாளில் தேய்ப்பது நல்லது. சங்குப்பூ போன்ற சிறிய விதைகள் நிறைய இருந்தால், ஒரு போத்தலின் உட்புறத்தில் உப்புத்தாளைச் சுற்றி வைத்து, விதையைப் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பளபளப்பு போய் மங்கியிருந்தால் பத்து விதையை எடுத்து ஊறவைத்துப் பாருங்கள். ஊறாவிட்டால் இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாகா என்னும் ஆனைக்குன்றிமணி முழுச் சிவப்பு. கருப்புக் கண்ணோடு வரும் சிறிய குன்றிமணி வேறு செடி. அதிலுள்ள ஆப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையில் கெட்டி உறைதான் அந்த நஞ்சை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. உறையைக் கீறினாலோ துளைத்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். குன்றிமணியைக் கீறவும் வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம்.

சல்ஃபியூரிக் அமிலத்தில் ஊறவைப்பது நாற்றங்கால்களில் பயன்படும் முறை. கையுறை, கண்ணாடி, அமிலத்தைக் கழுவி அகற்றும் வசதி எதுவும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமே இல்லை. நகவெட்டி தரும் பலனுக்கு மேல் அது வீட்டுத் தோட்டக்காரருக்கு எதையும் தராது.

வெந்நீர்

தூங்குமூஞ்சி மரம், சாகா, சரக்கொன்றை போன்ற மர விதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகக் கீற முடியாது. அப்போது வெந்நீர் உதவும். வெப்பம் விதையை வேகவைப்பதற்காக அல்ல. முன்பு சொன்ன லென்ஸ் மேடு போன்ற பலவீனமான இடத்தில் வேலிக்கம்பு உயிரணுக்கள் பிரிந்து விரிசல் விடுகின்றன. நீர் அந்த வழியாகவே நுழைகிறது.

தேவையான வெப்பம் சுமார் 80 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் கொதிக்கும் நீர் மூன்று குவளை, குழாய் நீர் ஒரு குவளை கலந்தால் நம் ஊர் வெப்பநிலையில் ஏறக்குறைய அந்த அளவு வரும். விதையின் கன அளவைப்போல் ஐந்து மடங்கு நீர் இருக்க வேண்டும். நீர் குறைவாக இருந்தால் விதை விழுந்ததும் வெப்பம் இறங்கிவிடும். விதையைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, வடித்து, சாதாரணத் தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பியவற்றைப் பொறுக்கி அன்றே ஊன்றுங்கள். உப்பாதவற்றுக்கு மறுபடி ஒருமுறை வெந்நீர். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது பெருந்தவறு. ஏற்கெனவே விரிசல் உள்ள விதைகள் முதலில் வெந்து, பிறகு தட்டில் அழுகி மற்றதையும் கெடுக்கும்.

கீறிய தூங்குமூஞ்சி விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். சாகாவும் சங்குப்பூவும் ஒன்றிரண்டு வாரத்தில் வெளிவரும். புளிக்கு ஒரு கீறலும் ஓர் இரவு ஊறலும் போதும். கடையில் கட்டியாக அமுக்கி விற்கும் புளியின் கொட்டையை நம்ப வேண்டாம், மரத்தடியில் கிடைத்த பழத்திலிருந்து எடுங்கள்.

கீறினால் கெடுபவை

பயற்றங்காய், பச்சைப்பயறு, அவரை இவற்றின் புதிய விதைகளைக் கீறக் கூடாது. மெல்லிய உறை தண்ணீரை மெதுவாக உள்ளே விடுவதற்காகவே இருக்கிறது. உறை உடைந்த பயறு சட்டென்று நீரை இழுக்கும்போது வித்திலையின் உயிரணுச் சவ்வுகள் கிழிந்து, சர்க்கரையும் புரதமும் வெளியே கசியும். அதைத் தின்னப் பூஞ்சை வந்துவிடும். பயற்றங்காய் முளைக்காமல் மண்ணிலேயே அழுகுவதற்குப் பல நேரம் உறை உடைந்த விதையும் ஈரம் மிகுந்த மண்ணும் சேர்ந்தே காரணம். ஊன்றுவதற்கு முன் தோல் வெடித்தவற்றைப் பொறுக்கி எறியுங்கள்.

முருங்கையின் இறக்கையுள்ள ஓடு நீரை விடும். 24 மணி நேரம் ஊறவைத்து ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். வெண்டையை ஓர் இரவு ஊறவைத்தால் போதும். பாகல் மட்டும் விதிவிலக்கு. அதன் தடித்த ஓட்டின் கூர்முனையை நகவெட்டியால் மெல்லத் திறந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் முளை விடும்.

பப்பாளி விதையின் மேல் இருக்கும் வழுக்கும் ஜெல்லிப் பை விதையுறையின் சதைப்பற்றான வெளியடுக்கு. முளைப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருப்பதால் கீறுவதற்குப் பதில் கழுவ வேண்டும். சல்லடையில் போட்டு விரலால் தேய்த்து, பை உடைந்து சொரசொரப்பான கறுப்பு விதை தெரியும்வரை கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி ஊன்றுங்கள்.

மழைக்காட்டு விதைகள்

ரம்புத்தான், டுரியான், மங்குஸ்தீன், ஜாதிக்காய், கறிவேப்பிலை, ரப்பர் எதையும் காயவைக்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், கீறாதீர்கள். இவற்றின் கரு ஈரத்தோடே வாழும். ரப்பர் விதையின் ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உள்ளே உலர்ந்துவிட்டால் முளைக்காது. பழத்தைத் தின்ற அன்றே அல்லது மறுநாள் சதையை முழுவதும் கழுவி, தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்த ஈரக் கலவையில் மேலோட்டமாக ஊன்றுங்கள். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூஞ்சையும் முதலில் வரும். கறிவேப்பிலைப் பழத்தின் தோலையும் அப்படியே பிதுக்கி நீக்க வேண்டும்.

பினாங்கில் உள்ளவர்களுக்கு ஜாதிக்காயைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிவப்பு வலை போன்ற ஜாதிபத்திரி விதையுறை அல்ல, ஏரில் என்னும் தனி வளர்ச்சி. அதை உரித்ததும் வரும் கரும்பழுப்பு ஓடுதான் விதையுறை. அந்த ஓட்டின் உட்பகுதி உள்ளே மடிந்து வளர்வதால்தான் ஜாதிக்காயை வெட்டினால் பளிங்குக் கோடுகள் தெரிகின்றன. விதைக்குத் தேர்ந்தெடுக்கும்போது காதருகே ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டுப் பிரிந்துவிட்டது. அது சமையலுக்கு ஆகும், விதைக்கு ஆகாது. சத்தமில்லாததை, பழம் வெடித்த இரண்டு மூன்று நாளுக்குள் நிழலில் ஊன்றுங்கள். முளைக்க ஒன்று முதல் இரண்டு மாதம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். ஓடு தானாகவே வெடிக்கும். அவசரப்பட்டு உடைத்தால் உள்ளே இருக்கும் சிறு கரு நசுங்கும்.

சேமிப்பும் தழும்பின் வேலையும்

அவரைக் குடும்பத்தில் சில விதைகளின் தழும்பு ஒரு வழிக் கதவாக வேலை செய்வதை 1954-இல் ஹைட் என்ற ஆய்வாளர் விளக்கினார். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் தழும்பின் பிளவு திறந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். காற்றில் ஈரம் ஏறினால் பிளவு மூடிக்கொள்ளும். அதனால் விதை மேலும் மேலும் உலருமே தவிர, மறுபடி ஈரத்தை இழுக்காது. இதிலிருந்து தோட்டக்காரருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. முழுவதும் உலராத நெற்றிலிருந்து எடுத்த சங்குப்பூ விதை கீறாமலே முளைக்கலாம். அதே விதையைச் சிலிக்கா ஜெல்லோடு சில மாதம் வைத்தபின் கீறாமல் முளைக்காமல் போகலாம். விதை கெட்டுவிட்டது என்று எறியாமல் கீறிப் பாருங்கள்.

உலர்த்தத்தக்க விதைகளைச் சேமிக்க, ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளரின் கணக்கு பயன்படும். ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 100-க்குக் கீழே வர வேண்டும். கோலாலம்பூர் வீட்டு அலமாரியில் 30 பாகை செல்சியஸ் என்றால் 86 ஃபாரன்ஹீட். அதோடு ஈரப்பதம் 80 சேர்ந்தால் 166. காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்த வெண்டை விதை அடுத்த ஆண்டு முளைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை விதையின் எடைக்குச் சமமாக எடுத்து, ஒரு வாரம் மூடிய போத்தலில் உலர்த்தி, பிறகு இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். போத்தலை வெளியே எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் உள்ளே பனித்துளி படியும். நெற்றுகளை வெளியே உலர்த்துவதாக இருந்தால், மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்குக்கு ஏற்றவை.

முளைத்த பின்னும் உறை விடாவிட்டால்

வெள்ளரி, பூசணி, பாகல் நாற்றுகளில் வித்திலைமேல் உறை தொப்பி போல மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். இந்தக் குடும்பத்தில் முளைவேரும் தண்டும் சேரும் இடத்தில் ஆப்பு போன்ற சிறு புடைப்பு ஒன்று வளர்ந்து, உறையின் கீழோட்டை மண்ணோடு அழுத்திப் பிடிக்கும். தண்டு மேலே இழுக்கும்போது வித்திலை உறையிலிருந்து உருவிக்கொண்டு வரும். டார்வின் 1880-இலேயே இதை விவரித்திருக்கிறார். விதையைத் தட்டையாகப் படுக்கவைத்தால் இந்தப் புடைப்பு சரியான பக்கத்தில் வளரும். ஆகவே படுக்கவைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேல் மண்ணை விரலால் அழுத்திவிடுங்கள். மேலோட்டமாக, பொலபொலத்த நார்த்தூளில் போட்டால் பிடிமானம் இல்லாமல் உறை நாற்றோடு மேலே வந்துவிடும்.

வந்துவிட்டால் காய்ந்த உறையைப் பிடுங்காதீர்கள். மாலையில் அதன்மேல் ஒரு துளி நீர் விட்டு, ஈரமான பஞ்சைச் சுற்றி வைத்து, காலையில் உறை மிருதுவானதும் விளிம்பை நகத்தால் விலக்குங்கள். வித்திலையின் ஓரம் கிழிந்தாலும் நடுவிலுள்ள குருத்து தப்பினால் செடி வளரும். குருத்தே ஒடிந்துவிட்டால் காத்திருக்காமல் அதே தொட்டியில் இன்னொரு விதையை ஊன்றுங்கள்.